முள் நீக்கிய கோல்

திருவண்ணாமலை பெரிய கோயிலில் இருந்து செங்கம் சாலையில் சுமார் 2 கி.மீ. தூரம் வந்தால் ரமணாசிரமம். கிரிவலம் வரும் அன்பர்கள் சேஷாத்ரி சுவாமிகளின் அதிஷ்டானத்தை வணங்கிவிட்டு, அடுத்து இங்கே நுழைவது வழக்கம். நீங்களும் வந்திருப்பீர்கள். பகவான் ரமணரின் சமாதி முன்பு சிறிது நேரம் கண்மூடி அமர்ந்திருப்பீர்கள். அப்போது உங்கள் மனதில் என்ன பிரார்த்தனை இருந்தது?

'என் கோபம் குறைய வேண்டும்', 'சோம்பல் ஒழிய வேண்டும்', 'நாலு பேருக்கு உபயோகமாக வாழ வேண்டும்'... நம்மில் பலருடைய பிரார்த்தனை இதுதான். ஆனால், வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டு, ஆட்டோக்காரரிடம் பேரம் பேசும்போதே அந்தத் தீர்மானம் கரைந்துவிடுகிறது. ஏன் அப்படி? பிறருக்கு உதவ நினைப்பவர் தன்னை எப்படித் தயார் செய்துகொள்ள வேண்டும்? இதற்கான விடை, இதே மலையில் நூறாண்டுகளுக்கு முன்பே சொல்லப்பட்டுவிட்டது.

போலீஸ் அதிகாரி கேட்ட கேள்வி

1911-ஆம் ஆண்டு. பகவான் அப்போது மலைமீதுள்ள விரூபாட்ச குகையில் இருந்தார். வேலூரில் போலீஸ் அதிகாரியாகப் பணியேற்றிருந்த ஹம்ப்ரீஸ் என்ற ஆங்கிலேய இளைஞர், கணபதி முனிவருடன் குகைக்கு வந்தார். அவர் தனக்கென்று பதவியோ, செல்வமோ கேட்கவில்லை. உலகத்துக்கு உதவி செய்ய என்னால் முடியுமா என்றுதான் கேட்டார்.

முதலில் உனக்கு நீ உதவிக்கொள்; அதுவே உலகுக்குச் செய்யும் உதவி என்ற கருத்தில் பகவான் பதில் சொன்னார். நீ உலகத்தில் இருந்து வேறானவன் அல்ல, அதனால் உன்னைச் சீர்செய்வது உலகைச் சீர்செய்வதே என்றும் விளக்கினார். ஹம்ப்ரீஸ் இந்த அனுபவங்களைக் கடிதங்களாக எழுதி இங்கிலாந்துக்கு அனுப்ப, அவை அங்கே பத்திரிகையிலும் வெளியாயின.

'இது சுயநலம் இல்லையா? பசித்தவன் வாசலில் நிற்கும்போது, நான் என்னைத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதா?' என்ற சந்தேகம் உங்களுக்கு எழலாம். நியாயமான சந்தேகம்தான். அதற்கு பகவானின் வாழ்க்கையிலேயே பதில் உண்டு.

இடையனுக்குக் கிடைத்த கோல்

வேலூர் ஊரிஸ் கல்லூரியின் தெலுங்குப் பண்டிதர் ரங்காச்சாரியார், பகவானிடம் நிஷ்காம கர்மம், அதாவது பலன் கருதாத செயல் என்றால் என்ன என்று ஒருமுறை கேட்டார். பகவான் பதில் சொல்லவில்லை. பிறகு மலையில் உலாவப் புறப்பட்டார். பண்டிதரும் சிலரும் உடன் சென்றனர்.

வழியில் ஒரு முள் கோல் கிடந்தது. பகவான் அதை எடுத்து, ஓரிடத்தில் அமர்ந்து வேலையைத் தொடங்கினார். முட்களை ஒவ்வொன்றாக நீக்கினார். கணுக்களைச் செதுக்கினார். சொரசொரப்பான இலையால் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கினார். பல மணி நேரம் பொறுமையாக இந்த வேலை நடந்தது. அழகான கைத்தடி தயாரானது.

அங்கிருந்து கிளம்பியபோது, ஆடு மேய்க்கும் சிறுவன் ஒருவன் எதிரே வந்தான். தன் கோலைத் தொலைத்துவிட்டுத் தவித்துக்கொண்டிருந்தான். பகவான் மறுபேச்சின்றிப் புதிய கோலை அவனிடம் கொடுத்துவிட்டு நடந்தார். தன் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்று பண்டிதர் புரிந்துகொண்டார்.

இந்தச் சம்பவத்தைப் பலன் கருதாத கர்மத்துக்கு உதாரணமாகச் சொல்வார்கள். நமக்கு இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. பகவான் அந்தக் கோலைக் கண்டெடுத்தபடியே கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? சிறுவனின் கைதான் கிழிந்திருக்கும்!

நாமும் இப்படித்தான் பல நேரங்களில் முள்ளோடு உதவி செய்கிறோம். படுக்கையில் இருக்கும் மாமியாருக்குக் கஞ்சி கொடுக்கிறோம்; கூடவே ஒரு கடுஞ்சொல்லையும் கொடுக்கிறோம். பௌர்ணமி அன்று அன்னதானம் செய்கிறோம்; வரிசையில் நிற்பவரை அதட்டுகிறோம். வாங்கிய சோறு அன்றே ஜீரணமாகிவிடும். அந்தச் சொல் ஜீரணமாவதில்லை. அதனால்தான் முள்ளை நீக்குவது சுயநலம் ஆகாது. கோலைப் பிடிக்கப்போகிறவர் கைக்கு நாம் செய்யும் மரியாதை அது.

முதல் பந்தி யாருக்கு?

தன்னைத் திருத்துவதும் பிறருக்கு உதவுவதும் தனித்தனி வேலைகள் அல்ல என்பதை ஆசிரமத்தின் சமையற்கட்டிலும் பார்க்கலாம். பகவான் விடியும் முன்பே எழுந்து வந்து காய் நறுக்குவார். தனக்கென்று விசேஷமாக எதையும் பரிமாற அனுமதிக்க மாட்டார். எல்லோருக்கும் என்ன உண்டோ, அதுவே அவருக்கும்.

அன்பர்கள் நினைவுகூரும் சம்பவம் ஒன்று உண்டு. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், பரதேசிகள் முன்னால் வரக்கூடாது என்று அங்கிருந்த யாரோ விரட்டினார்கள். பந்தி தயாரானபோது பகவானைக் காணவில்லை. தேடிப் போனால், தொலைவில் ஒரு மரத்தடியில் அமர்ந்திருக்கிறார்! பரதேசிகள் வரக்கூடாது என்றதால், தானும் பரதேசிதானே என்று கிளம்பிவிட்டதாகச் சொன்னார். அதன்பிறகு ஏழைகளுக்கு முதலில் உணவளிப்பது வழக்கமானது. இன்றும் ஆசிரமத்தில் மதிய பந்திக்கு முன்பாக ஏழைகளுக்கும் சாதுக்களுக்கும் அன்னம் வழங்கப்படுகிறது.

எச்சம்மாளின் கதையும் நாம் அறிய வேண்டியது. போளூர் பக்கம் மண்டகொளத்தூரைச் சேர்ந்தவர். கணவரையும் பெற்ற குழந்தைகளையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்தவர். 1907-ஆம் ஆண்டு வாக்கில் திருவண்ணாமலைக்கு வந்து, பகவான் முன்பு பேச்சின்றி நின்றார். அந்த மௌனத்தில் துயரம் இறங்கியது. அதன்பின் தினமும் சமைத்து, பகவானுக்கு உணவு கொண்டுவருவதை விரதமாகக் கொண்டார். பகவான் மலையில் இருந்தவரை, கூடையுடன் மலையேறினார். அந்த உணவை பகவானுடன் இருந்தவர்களும் பகிர்ந்து உண்டார்கள். 1945-ல் அவர் காலமாகும் வரை, சுமார் 38 ஆண்டுகள் நடந்தது இந்தத் தொண்டு. 'இனி நான் அழ மாட்டேன்' என்று அவர் தீர்மானம் போட்டுக்கொண்டிருந்தால் எத்தனை நாள் தாங்கியிருக்கும்? 'இன்று ஒரு வேளை உணவு' என்ற சிறிய கடமை அவரையும் தாங்கியது. பிறர் பசியையும் ஆற்றியது.

நீங்கள் செய்ய வேண்டிய சங்கல்பம்

பூஜை தொடங்கும்போது சாஸ்திரிகள் சங்கல்பம் செய்து வைப்பாரே, கவனித்திருக்கிறீர்களா? எந்த ஆண்டு, எந்த மாதம், எந்த நாள், எந்த இடம், யார், எதற்காக... எல்லாவற்றையும் சொன்ன பிறகே பூஜை ஆரம்பமாகும். நம் தீர்மானங்கள் கரைந்துபோகக் காரணம், அவற்றுக்கு நாளும் இல்லை, இடமும் இல்லை என்பதுதான்.

முதலில், உங்களிடம் இருக்கும் முட்களில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எதை என்று தெரியாவிட்டால், 'என்னால் அதிகம் குத்துப்படுபவர் யார்?' என்று கேளுங்கள். அந்த முகம் நினைவுக்கு வந்ததும், முள் எதுவென்று தெரிந்துவிடும்.

இரண்டாவதாக, அதற்கு நாளும் இடமும் குறியுங்கள். 'கோபத்தை விடுவேன்' என்பது ஆசை. 'இந்தப் பௌர்ணமி முதல் அடுத்த பௌர்ணமி வரை, காலையில் சமையலறையில் குரலை உயர்த்த மாட்டேன்' என்பதுதான் சங்கல்பம்.

மூன்றாவதாக, தவறிவிட்டால் கலங்காதீர்கள். கோபம் எழும் கணத்தில், 'இது யாருக்கு வந்தது? எனக்கு. அந்த நான் யார்?' என்று உள்ளே திரும்பிப் பார்க்கும்படி பகவான் காட்டிய விசாரத்தைக் கைக்கொள்ளுங்கள். ஒருநாள் தவறினால், மறுநாள் மீண்டும் தொடங்குங்கள். கணுக்களும் ஒரே தேய்ப்பில் வழவழப்பாவதில்லை.

நான்காவதாக, பலனை எண்ணிக் காத்திருக்காதீர்கள். நீங்கள் மாறியதை வீட்டில் யாரும் பாராட்டாமல் போகலாம். பகவான் கோலைச் செதுக்கியபோது, சிறுவன் வருவான் என்று யாருக்குத் தெரியும்?

அடுத்த முறை கிரிவலம் வரும்போது, ரமணாசிரமத்தில் சற்று அமருங்கள். பெரிய வரங்களைக் கேட்பதற்கு முன், உங்கள் ஒரு முள்ளின் பெயரைச் சொல்லி, அண்ணாமலையார் சாட்சியாகச் சங்கல்பம் செய்துகொள்ளுங்கள். வீடு திரும்பும் வழியிலேயே, கோல் தேவைப்படும் ஒருவர் உங்கள் எதிரே வரக்கூடும். அவர் கை காயப்படாமல் இருக்கட்டும்!