கலைச்சொற்கள் குழப்புகின்றனவா? பொருத்து அட்டைகளைக் கையாள்க

பைத்தான் பாடத்தின் கலைச்சொற்களை வரையறையாக ஒப்பிக்கும் மாணவர்கள், அவற்றையே நிரலில் கண்டதும் தடுமாறுவது வகுப்பறைகளில் வழக்கம்.

1. பன்னிரண்டு சொற்களை மட்டும் தேர்ந்து, சொல்லை ஓர் அட்டையிலும் அதன் பொருளையோ எடுத்துக்காட்டையோ வேறோர் அட்டையிலும் எழுதுக. மிகுந்தால் ஒரு பாடவேளைக்குள் ஆட்டம் முடியாது.

2. எளிதில் மயங்கும் இணைகளை வேண்டுமென்றே சேர்க்க. செயற்கூற்றை வரையறுக்கும்போது அடைப்புக்குறிக்குள் இடப்படும் பெயராகிய அளபுருவும், அதனை அழைக்கும்போது அனுப்பப்படும் மதிப்பாகிய செயலுருபும் அருகருகே இருந்தால்தான் வேறுபாடு புலப்படும். அவ்வாறே, மேற்கோள் குறிக்குள் நிற்பது எழுத்துகளின் தொடராகிய சரம் என்பதால் "3" + "4" என்பது "34" ஆகவும், குறியின்றி நிற்பவை முழு எண்கள் என்பதால் 3 + 4 என்பது 7 ஆகவும் விடை தருவதைக் காட்டும் இரண்டு அட்டைகள், அரைப்பக்க விளக்கத்தினும் மேலானவை.

3. எச்சொல்லுக்கும் பொருந்தாத பொருள் அட்டைகள் இரண்டைக் கலந்து வைக்க; இல்லையேல் கடைசி இணை சிந்திக்காமலே அமைந்துவிடும்.

4. பொருத்தியவர் காரணம் கூறிய பின்னரே மதிப்பெண் தருக. ஊகித்தவர் அங்கேயே அகப்படுவார்.

5. தவறிய அட்டைகளை மட்டும் எடுத்துவைத்து அடுத்த வாரம் மீண்டும் ஆடச் செய்க; இடைவெளி விட்டு நினைவுகூர்ந்தவை எளிதில் மறப்பதில்லை.