மொட்டாகப் போய்ச் சேர வேண்டும்

தோவாளை,
புரட்டாசி 25

அன்பு மக்ளே,

நேற்று போனில் நீ சொன்னது ராத்திரி முழுக்க மனசிலேயே கிடந்தது. "கம்பெனியில பிசினஸ் கிளாஸ் டிக்கெட் போட்டிருக்காங்க அத்தை. அந்தக் காசை நினைச்சா கூச்சமா இருக்கு. அப்பா எத்தனை வருசம் பூக்கடையில நின்னா இவ்வளவு வரும்" என்றாய். போனில் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் பயணத்தை நம்ம ஊர்க் கடிகாரத்தில் வைத்துப் பார். சாயந்தரம் திருவனந்தபுரத்தில் ஏறுகிறாய். துபாயில் காத்திருந்து, அங்கே ராத்திரி இரண்டரைக்கு அடுத்த விமானம். நமக்கு அப்போது விடியற்காலை 4 மணி. தோவாளைச் சந்தையில் பூ விலை பேசுகிற நேரம். அதன்பிறகு 14 மணி நேரம் பறந்து, நியூயார்க்கில் காலை எட்டரைக்கு இறங்குவாய். நவம்பர் மாதத்தின் முதல் ஞாயிறு வரை அவர்களுக்கும் நமக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். அவர்கள் உன்னைக் கூட்டத்துக்கு அழைத்திருக்கிற மத்தியானம் 2 மணி என்பது உன் உடம்புக்கு ராத்திரி பதினொன்றரை. அந்த நேரத்தில் நீ தெளிவாகப் பேச வேண்டும், கணக்குப் பிசகாமல் பதில் சொல்ல வேண்டும். அதற்குத்தான் கம்பெனி காசு கொடுத்திருக்கிறது. அவர்கள் வாங்கியிருப்பது உன் தூக்கத்தை. அதை முழுசாகத் தூங்கிக் கொடுப்பதுதான் நாணயம். கூச்சப்பட்டு விழித்துக்கொண்டிருந்தால் அந்தக் காசு உண்மையிலேயே வீண்.

நான் மஸ்கட்டில் நர்ஸாக இருந்த காலம் முழுக்கப் பின்னால் உட்கார்ந்துதான் பறந்தேன். முழங்கால் முன்சீட்டில் இடிக்கும். பக்கத்தில் நம்ம குளச்சல்காரர், மார்த்தாண்டத்துக்காரர் யாராவது இருப்பார்கள். குடியேற்றப் படிவத்தை நீட்டி, "சிஸ்டர், இத கொஞ்சம் எழுதித் தாங்க" என்பார்கள். புறப்படும்போது எழுதும் அந்தப் படிவத்தை 2017 ஜூலையில் நம் நாட்டில் எடுத்தே விட்டார்கள். அதுவரை நான் எழுதிக் கொடுத்தவை நூற்றுக்கு மேல் இருக்கும். இதை ஏன் சொல்லுகிறேன் என்றால், துபாய் வரைக்கும் உன் விமானத்தில் பின்னால் இருப்பவர்களும் நம்ம ஆட்கள்தான். முன்வரிசையில் உட்காருவதால் நீ அவர்களை விட்டுப் போய்விடவில்லை. ஏறும்போது தெரிந்த முகம் வந்தால் எழுந்து நின்று பேசு.

இனி உடம்பு விஷயம். இதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

உன் தாத்தா பிச்சி மொட்டைத் தெர்மகோல் பெட்டியில் அடுக்கி வெளிநாட்டுக்கு அனுப்புவார். கூட நின்று நான் எத்தனையோ ராத்திரி அடுக்கியிருக்கிறேன். அடியில் ஐஸ், அதன்மேல் ஈரத்துணி, பிறகு மொட்டு, மறுபடி ஈரத்துணி. கடைசியில் மூடியைச் சுற்றி டேப் ஒட்டும்போது ஒரு விரற்கடை இடைவெளி தெரிந்தாலும் அப்பா திட்டுவார். "பூவைக் கொல்லுறது வெயில் இல்ல பிள்ளே, காத்து" என்பார். ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் வீசும் காற்று உனக்குத் தெரியும். அந்தக் காற்றில் மூடாத கூடையைச் சைக்கிளில் கட்டி அரைமணி நேரம் ஓட்டினால், தொட்டதும் காகிதம் போல நொறுங்கும்.

விமானத்துக்குள் அதே காற்றுதான், ஆனால் ஓசையில்லாமல். வெளியே அந்த உயரத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 50 டிகிரிக் குளிர். அவ்வளவு குளிர்ந்த காற்றில் ஈரம் என்பதே கிடையாது. அதைத்தான் இழுத்துச் சூடாக்கி உள்ளே விடுகிறார்கள். அதனால் அறையின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போல. ஊட்டி உயரம் என்று வைத்துக்கொள். ஊட்டி மலையில் ராத்திரி முழுக்க, ஈரமே இல்லாத காற்றில் படுத்திருக்கிறாய். மெத்தை எவ்வளவு மெதுவாக இருந்தாலும் இது மாறாது. முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் காற்று ஒன்றுதான்.

எனக்கு நடந்ததை வீட்டில் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. மகன் டொராண்டோவுக்குக் கூப்பிட்டபோது எனக்கு மூட்டுவலி என்று பிசினஸ் கிளாஸ் டிக்கெட் எடுத்துக் கொடுத்தான். என் வாழ்க்கையில் முதல் தடவை. சீட் அப்படியே கட்டிலாக விரிந்ததும் குழந்தை மாதிரி ஆகிவிட்டேன். அடிக்கடி எழுந்து கழிப்பறைக்குப் போக வேண்டாம் என்று தண்ணீரைக் குறைத்தேன். ஒரு தூக்க மாத்திரையும் போட்டுக்கொண்டேன். ஒன்பது மணி நேரம் அசையாமல் படுத்திருந்தேன். படுத்துத்தானே இருக்கிறோம், காலுக்கு ஒன்றும் வராது என்று நினைத்தேன். எத்தனையோ நோயாளிகளின் காலை அசைக்கச் சொன்னவள் நான்.

இறங்கிய மூன்றாம் நாள் இடது ஆடுசதை கல்லாக இறுகி வலித்தது. தொட்டால் சூடு. பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. ஸ்கேன் எடுத்தார்கள், ஆழத்து ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருந்தது. மூன்று மாதம் மாத்திரை. அந்தக் கட்டி கழன்று நுரையீரலுக்குப் போயிருந்தால் இந்தக் கடிதம் எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

உன்னைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் இந்த ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்றார்கள். அப்படியும் கணக்கு 6,000 பேரில் ஒருவர்தான். உனக்கு முப்பது வயசுகூட ஆகவில்லை. ஆனால் ஹார்மோன் மாத்திரை எதுவும் சாப்பிடுவதாக இருந்தால், என்னிடம் சொல்ல வேண்டாம், உன் டாக்டரிடம் கட்டாயம் சொல். தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம். கேட்டுக் கேட்டுத் தண்ணீர் வாங்கிக் குடி. கழிப்பறைக்கு எழுந்து நடப்பதும் மருந்துதான். மது கொண்டுவந்து நீட்டுவார்கள், அது உன் இஷ்டம். ஆனால் அது உடம்பின் ஈரத்தைக் குறைக்கும், தூக்கத்தைப் பாதியில் கெடுக்கும். என் பிள்ளையாக இருந்தால் வேண்டாம் என்பேன்.

சாப்பாட்டைத் துபாய் லவுஞ்சிலேயே முடித்துக்கொள். அங்கே குளிக்கவும் வசதி உண்டு. குளித்துவிட்டுத் தொளதொளப்பான பருத்திச் சுடிதாருக்கு மாறிவிடு, ஜீன்ஸ் கூடாது. விமானம் மேலே ஏறியதும் மெனு அட்டை வரும். ஐந்து வகை இருக்கும், வெள்ளைத் துணி விரிப்பார்கள், ஒவ்வொன்றாகக் கொண்டுவருவார்கள். அந்த உபசாரத்துக்கு உட்கார்ந்தால் ஒன்றரை மணி நேரம் போய்விடும். அந்தக் காற்றிலும் இரைச்சலிலும் நாக்குக்கு உப்பும் இனிப்பும் பாதி தெரியாது என்பதையும் சேர்த்துக்கொள். "நான் முதலில் தூங்குகிறேன், எழுந்ததும் சாப்பிடுகிறேன்" என்று சொல்லிவிடு. அவர்கள் எடுத்து வைப்பார்கள். படுக்கை விரித்துத் தரச் சொல்லிக் கேள். நம்ம பிள்ளைகளுக்கு மணியை அடித்து ஆளைக் கூப்பிடவே கூச்சம். அது அவர்கள் வேலை. நீ பேரைக் கேட்டு, நன்றி சொல்லி, மரியாதையாகக் கேட்டால் போதும்.

பெல்ட்டைப் போர்வைக்கு மேலே வெளியில் தெரிகிற மாதிரி மாட்டிக்கொண்டு படு. விமானம் குலுங்கும்போது பெல்ட் போட்டிருக்கிறாயா என்று பார்க்க உன்னை எழுப்ப மாட்டார்கள். போன் சீட்டின் இடுக்கில் விழுந்தால் சீட்டை அசைக்கக் கூடாது, உடனே அவர்களைக் கூப்பிடு. உள்ளே நசுங்கினால் பாட்டரி தீப்பிடிக்கும்.

மேற்கே போகிற விமானம் ஆனதால் ராத்திரி கூடவே நீண்டுகொண்டு வரும். அதை இரண்டு தவணையாகத் தூங்கு. ஏறியதும் ஐந்து ஆறு மணி நேரம். எழுந்து நட, குதிகாலை உயர்த்தி உயர்த்தி இறக்கு, சாப்பிடு. அப்புறம் இறங்குவதற்கு முன்னால் இன்னொரு இரண்டு மணி நேரம். அந்த இரண்டாம் தூக்கம்தான் மத்தியானக் கூட்டத்தில் உனக்குக் கை கொடுக்கும். ஆனால் விமானம் கீழிறங்கத் தொடங்கும்போது கட்டாயம் விழித்திரு. தூங்குகிறவள் எச்சில் விழுங்க மாட்டாள், காது அடைத்து வலிக்கும். இறங்கியபின் வெயிலில் நட. அறைக்குப் போய்ப் படுத்துவிடாதே. அவர்கள் ஊரில் ராத்திரி 9 ஆகும்வரை எப்படியாவது தாக்குப்பிடி.

கட்டில் மாதிரி நேராக விரிகிற இந்த சீட் பிசினஸ் கிளாஸுக்கு வந்ததே 2000-ல்தான், பிரிட்டிஷ் ஏர்வேஸ் முதலில் கொண்டுவந்தது. அதற்கு முன் அதிகக் காசு கொடுத்தவர்களும் சாய்ந்துதான் தூங்கினார்கள். இப்போதும் எல்லா விமானத்திலும் ஒரே அமைப்பு இல்லை. வரிசைக்கு இரண்டு, மூன்று, இரண்டு என்று வைத்திருக்கிற விமானமும் உண்டு. அதில் ஜன்னலோரம் கிடைத்தால் பக்கத்தில் தூங்குகிறவரைத் தாண்டித்தான் எழுந்து போக வேண்டும், நீ என்னைப் போலத் தண்ணீரைக் குறைத்துவிடுவாய். ஒன்று, இரண்டு, ஒன்று என்று இருந்தால் எங்கே உட்கார்ந்தாலும் நேராக நடைபாதைக்கு வரலாம். சீட் எடுக்கும் முன் இதைப் பார். சமையலறைப் பக்கமும் கழிப்பறைப் பக்கமும் வேண்டாம், வெளிச்சமும் சத்தமும் ஓயாது.

உன் அம்மா அமெரிக்காக்காரர்களுக்கு மாணிக்கமாலை கட்டிக் கொடுத்து விடலாம் என்கிறாள். அரளியும் நொச்சி இலையும் வைத்துப் பாய் மாதிரி மடித்துக் கட்டிய மாலையைப் பார்த்தால் அவர்கள் வாய் பிளப்பார்கள்தான். அதற்கு 2025-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது, எனக்கும் ஆசை உண்டு. ஆனாலும் வேண்டாம். அமெரிக்காவில் பூ, பழம், விதை எதைக் கொண்டுபோனாலும் சொல்லியே ஆக வேண்டும், நிறுத்திப் பரிசோதிப்பார்கள். கூட்டத்துக்குப் போகிற அன்று அது தேவையில்லை. படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டு. பெரிய பெட்டியில் கொப்பரைத் தேங்காயும் வைக்கக் கூடாது, எளிதில் தீப்பற்றும் என்று 2022 முதல் தடை. முந்திரிக்கொத்தும் நேந்திரங்காய் வற்றலும் வைக்கலாம்.

இன்னொன்று, சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது. வீட்டிலிருந்து இறங்கும்போது அம்மா தலை நிறையப் பிச்சி வைத்துவிடுவாள். வைத்துக்கொள், மறுக்காதே. ஆனால் துபாயில் குளிக்கும்போது எடுத்துவிடு. சாயந்தரம் வைத்த மொட்டு ராத்திரிதான் விரியும். அடைத்த அறையில், நள்ளிரவில், அந்த மணம் பக்கத்தில் தூங்குகிறவருக்குத் தலைவலி கொடுக்கும். டொராண்டோ விமானத்தில் ஒரு அம்மாள் என்னிடம் வந்து, ரொம்பத் தயங்கி, அதைச் சொன்னார்கள். நம் ஊர்ப் பூவைப் பற்றி அப்படிக் கேட்க மனசு வலித்தது. ஆனால் அவர்கள் முகத்தைப் பார்த்தேன், நிஜமாகவே கஷ்டப்பட்டிருக்கிறார்கள்.

புறப்படுகிற நாளை இன்னொரு தடவை பார்த்துக்கொள். ஐப்பசியில் பத்மநாபசாமி ஆறாட்டு வருகிறது. சாமி ஊர்வலம் விமான ஓடுபாதையைக் கடந்துதான் சங்குமுகம் கடலுக்குப் போகும். வருசத்தில் இரண்டு தடவை, பங்குனியிலும் ஐப்பசியிலும், அதற்காகச் சாயந்தரம் தொடங்கி ஐந்து மணி நேரம் போல விமானங்களை நிறுத்திவிடுவார்கள். உன்னுடையது சாயந்தர விமானம். நேரம் மாற்றியிருந்தால் செய்தி வரும், போனை அணைத்து வைக்காதே. இங்கிருந்து விமான நிலையம் 80 கிலோமீட்டர்தான். ஆனால் மார்த்தாண்டமும் களியக்காவிளையும் பாலராமபுரமும் எத்தனை நேரம் விழுங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆறு மணி நேரம் முன்னால் கார் இங்கே இருந்து கிளம்ப வேண்டும். உன் அப்பா "நாலு மணி நேரம் போதும்" என்பான். நீ கேட்காதே.

காலுக்கு இறுக்கமான காலுறை நான் வாங்கித் தருகிறேன், முழங்காலுக்குக் கீழே வரைக்கும் வருகிறது. அளவு சரியாக இல்லாவிட்டால் அதுவே ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். நாளைக் காலையில் எழுந்தவுடனே, கால் வீங்குவதற்கு முன்னால், தையல் டேப்பை எடுத்துக் கணுக்காலுக்கு மேலே மெலிந்த இடத்தில் ஒரு சுற்று, ஆடுசதையில் தடித்த இடத்தில் ஒரு சுற்று அளந்து இரண்டையும் எனக்கு எழுதி அனுப்பு. இரண்டு காலையும் தனித்தனியாக அள மக்ளே, ஒன்று போல இருக்காது.

உன் அத்தை