நடு எண்ணை நம்பலாமா?

தேடுபொறி மென்பொருளைப் பராமரிப்பவர்கள் 6-லிருந்து 7-க்குப் போவதென்றால் ஒரு மாதம் முன்பே திட்டம் போடுவார்கள். 7.1-லிருந்து 7.2-க்கு என்றால் வெள்ளிக்கிழமை மாலை மாற்றிவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். திங்கட்கிழமை காலை போன் வரும்: "எதைத் தேடினாலும் ஒன்றும் வரவில்லை." அதன் பிறகு அலுவலகத்தில் ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். அவற்றில் அடிக்கடி காதில் விழுகிறவை, ஆனால் தவறானவை, சில உண்டு. லூசீன் என்ற தேடல் நூலகம், அதன் மேல் கட்டப்பட்ட சோலர், எலாஸ்டிக்சர்ச் ஆகியவற்றில் உண்மையாக நடந்த மாற்றங்களை வைத்தே அவற்றைப் பார்க்கலாம்.

"நடு எண்தானே மாறியது, எதுவும் உடையாது"

பதிப்புகளுக்கு மூன்று எண் இடும் முறைக்கு விதிகளை எழுதி வைத்தவர் கிட்ஹப் நிறுவனர்களில் ஒருவரான டாம் பிரஸ்டன்-வெர்னர். முதல் எண் மாறினால் பழையது உடையலாம். நடு எண் மாறினால் புது வசதி வரும், பழையது அப்படியே ஓடும். கடைசி எண் பிழைதிருத்தத்துக்கு. நல்ல விதிதான். ஆனால் அது மென்பொருளை எழுதுகிறவர் கொடுக்கும் வாக்கு; யாரும் சோதித்துப் பார்த்துக் குத்தும் முத்திரை அல்ல. பாதுகாப்புக்காக ஒரு வழியை அடைக்க வேண்டி வந்தால், அடுத்த பெரிய பதிப்பு வரட்டும் என்று யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

சோலரில் அப்படித்தான் நடந்தது. தேடல் வாக்கியத்தின் தொடக்கத்தில் ஒரு நெளிவு அடைப்புக்குறி, ஓர் ஆச்சரியக்குறி, ஒட்டினாற்போல் ஒரு பார்சரின் (கேள்வியைப் பிரித்துப் படிக்கும் பகுதியின்) பெயர். இவ்வளவு எழுதினால் போதும், சோலர் தன் வழக்கமான பார்சரை விட்டு நீங்கள் சொன்ன பார்சருக்கு மாறிவிடும். டெவலப்பர்களுக்காக வைத்த குறுக்குவழி இது. தளத்துக்கு வரும் எவரும் தேடல் பெட்டியில் இதைத் தட்டலாம் என்பதுதான் சிக்கல். 2017 அக்டோபரில் சோலரின் எக்ஸ்எம்எல் பார்சரில் ஒரு பெரிய ஓட்டை வெளியே தெரிந்தது. அந்தப் பார்சரைக் கூப்பிடவும் இதே குறுக்குவழி போதுமானதாக இருந்தது. அந்த ஓட்டை 7.1-ல் அடைக்கப்பட்டது. டிசம்பரில் வந்த 7.2-ல் குறுக்குவழியையே சுருக்கினார்கள். இயல்பான பார்சர் 'லூசீன்' அல்லது 'ஃபங்க்' என்று இருந்தால் மட்டுமே அது வேலை செய்யும். பல தளங்கள் வைத்திருக்கும் 'ஈடிஸ்மேக்ஸ்' என்றால் செய்யாது. நியாயமான முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தக் குறுக்குவழியை நம்பித் தேடல் வாக்கியங்களைக் கட்டிவைத்திருந்தவர்களுக்கு நடு எண் காலை வாரியது.

"எரர் எதுவும் வரவில்லை, ஆகவே க்வெரி சரிதான்"

இருப்பதிலேயே ஆபத்தான நம்பிக்கை இது. ஈடிஸ்மேக்ஸ் பொதுமக்கள் தட்டுவதற்காக எழுதப்பட்ட பார்சர். என்ன கன்னாபின்னாவென்று எழுதினாலும் இலக்கணப் பிழை என்று திருப்பி அனுப்பாது. புரியாத குறிகளை வெறும் எழுத்தாக எடுத்துக்கொண்டு, கிடைத்த சொற்களைத் தேடிப் பார்க்கும். 7.2-க்குப் பிறகு அந்த அடைப்புக்குறி வாக்கியத்துக்கும் அதே மரியாதைதான். "சென் என்று தொடங்கும் ஊர்ப் பெயர்களைக் கொடு" என்று முன்பு புரிந்துகொண்ட சர்வர், இப்போது பார்சரின் பெயரையும், ஃபீல்டின் பெயரையும், 'சென்' என்பதையும் சாதாரணச் சொற்களாக உங்கள் ஆவணங்களில் தேடுகிறது. பதில் 200 என்றே வருகிறது. கண்காணிப்புத் திரையில் எல்லாம் பச்சை. முடிவுகள் மட்டும் பூஜ்யம். சில நேரம் சம்பந்தமில்லாத நாலு ஆவணங்கள் வந்து நிற்கும், அது இன்னும் மோசம்.

இதைக் கண்டுபிடிக்க லாக்கைத் துழாவுவது வீண். க்வெரியோடு 'டீபக் க்வெரி' அளபுருவைச் சேர்த்து அனுப்பினால், தான் அதை எப்படிப் பிரித்துப் படித்தேன் என்று சோலரே சொல்லும். பழைய சர்வரிலும் புதிய சர்வரிலும் அந்த ஒரு வரியை எடுத்து அருகருகே வைத்தால் போதும். தீர்வும் பெரிதல்ல. பார்சரின் பெயரை வாக்கியத்திலிருந்து எடுத்து 'டெஃப் டைப்' அளபுருவில் போடுங்கள். அதற்கு நேரமில்லை என்றால், கட்டமைப்புக் கோப்பில் 'லூசீன் மேட்ச் வெர்ஷன்' என்ற வரியில் 7.1.0 என்று எழுதினால் பழைய நடத்தை திரும்பிவிடும். தற்காலிகமாகத்தான், அடைத்த வழியைத் திறந்தே வைத்திருப்பது புத்திசாலித்தனம் அல்ல.

"இன்டெக்ஸை மறுபடி கட்டினால் எல்லாம் சரியாகிவிடும்"

மேலே சொன்ன சிக்கலில் மூன்று நாள் உட்கார்ந்து மறுபடி கட்டினாலும் ஒன்றும் மாறாது. கோளாறு கேள்வியைப் படிக்கும் இடத்தில் இருக்கிறது, சேமித்து வைத்ததில் இல்லை. ஆனால் மறுபடி கட்டாமல் தீராத சிக்கலும் உண்டு. அதற்கு நல்ல உதாரணம் தமிழ் ஆவணங்கள்.

2011 மார்ச்சில் வந்த லூசீன் 3.1-ஐ எடுத்துக்கொள்வோம். உரையைச் சொற்களாக வெட்டும் ஸ்டாண்டர்டு டோக்கனைசர் அதற்கு முன் ஐரோப்பிய மொழிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டிருந்தது. யூனிகோடில் நம் புள்ளியும், கொம்பும், காலும், விசிறியும் 'எழுத்து' என்ற வகையில் சேரா; 'குறி' என்ற தனி வகை. எழுத்தல்லாத ஒன்றைக் கண்டால் சொல் முடிந்தது என்று நினைப்பது அந்த டோக்கனைசரின் சுபாவம். ஆகவே 'தமிழ்' என்று கொடுத்தால் இகரக் குறியிலும் புள்ளியிலும் வெட்டி 'தம', 'ழ' என்று இரண்டு துண்டுகளை இன்டெக்ஸில் வைக்கும். தேடும்போதும் அதே வெட்டு விழுவதால் ஏதோ ஒப்பேறிக்கொண்டிருந்தது.

3.1-ல் யூனிகோடின் சொல் பிரிப்பு விதிகளைக் கொண்டு வந்தார்கள். 'தமிழ்' முழுச் சொல்லாக நின்றது. வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் டோக்கனைசருக்கு 3.1 என்ற எண்ணைக் கொடுத்துவிட்டு பழைய இன்டெக்ஸை அப்படியே வைத்திருந்தால்? கேள்வி 'தமிழ்' என்று போகிறது. உள்ளே இருப்பதோ 'தம', 'ழ'. இரண்டும் சந்திக்கவே சந்திக்காது. நல்லது செய்த மாற்றமே தேடலை நிறுத்திவிடும். இங்கே இன்டெக்ஸை மறுபடி கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. அதே பதிப்பில் மின்னஞ்சல் முகவரிகளும் '@' குறியில் இரண்டாகப் பிரியத் தொடங்கின. பழையபடி வேண்டும் என்பவர்களுக்காக 'கிளாசிக் டோக்கனைசர்' என்று ஒன்றைத் தனியாக எடுத்துவைத்தார்கள்.

இன்னொரு வேடிக்கை. சோலர் 1.4-லிருந்து நேராக 3.1-க்குத் தாவியது, லூசீனோடு எண் ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக. லூசீன்காரர்களுக்கு நடு எண் மாற்றம், சோலர்காரர்களுக்கு முதல் எண்ணிலேயே இரண்டு படி தாவல். உள்ளே இருந்தது என்னவோ அதே டோக்கனைசர்தான்.

"சர்வரைத் தொடவே இல்லை, பிறகு எப்படி நிற்கும்?"

நிற்கும். 2021 ஆகஸ்டில் எலாஸ்டிக்சர்ச்சின் பைத்தான் கிளையன்ட் நூலகம் 7.14-க்கு வந்தபோது, எதிரில் இருப்பது அசல் எலாஸ்டிக்சர்ச்தானா என்று கேட்கும் சோதனை ஒன்று சேர்ந்தது. அந்த ஆண்டு எலாஸ்டிக்சர்ச்சின் உரிமம் மாறியதையடுத்து அமேசான் 7.10.2-லிருந்து ஓப்பன்சர்ச் என்று தனியாகப் பிரிந்திருந்தது. அந்தப் பக்கம் சர்வரை வைத்திருந்தவர்களுக்கு, நூலகம் தானாகப் புதுப்பித்துக்கொண்டதும், தேடல் போய்ச் சேருவதற்கு முன்பே பிழை வந்தது. இது மென்பொருள் கோளாறு அல்ல, வியாபார முடிவு. நடு எண்ணுக்குள் அதுவும் நுழையும்.

"சரிப்படாவிட்டால் பழைய வெர்ஷனுக்குத் திரும்பிவிடலாம்"

புதிய பதிப்பு எழுதிய இன்டெக்ஸ் கோப்புகளின் வடிவம் மாறியிருந்தால் பழையதற்கு அவற்றைப் படிக்கத் தெரியாது. எலாஸ்டிக்சர்ச்சில் நடு எண் ஏறிய நோடைக் கீழே இறக்க ஆதரவே இல்லை. மாற்றுவதற்கு முன் எடுத்த ஸ்னாப்ஷாட் இருந்தால் பிழைத்தீர்கள். பின்னால் எடுத்தது பழைய பதிப்பில் ஏறாது.

"டெஸ்டில் எல்லாம் ஓடியதே" என்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டெஸ்டில் நீங்கள் தட்டிப் பார்த்தது உங்களுக்குத் தெரிந்த ஐந்தாறு சொற்களைத்தான். உங்கள் லாக்கிலிருந்து ஒரு வாரத்து உண்மையான க்வெரிகளை எடுங்கள், விசித்திரமானவற்றை வடிகட்டாமல். இரண்டு பதிப்புகளிலும் ஓட்டி, முடிவுகளின் எண்ணிக்கை எங்கே மாறுகிறது என்று பாருங்கள். அதற்கும் முன்னால் பதிப்போடு வரும் மேம்படுத்தல் குறிப்பைப் படியுங்கள். சோலர் 7.2 எந்த வழியை அடைக்கிறது, பழையபடி வேண்டுமானால் எந்த எண்ணை எழுத வேண்டும் என்ற இரண்டும் அதில் வெளியான அன்றே எழுதப்பட்டிருந்தன.