பழைய வேலைக்குப் புதிய காப்புரிமை

புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவருக்கு அரசாங்கம் சில காலம் கொடுக்கும் தனி உரிமைதான் காப்புரிமை. பல வருஷமாக எல்லோரும் செய்துவந்த வேலைக்கே ஒருவர் அதை வாங்கிவிட்டால்? அமெரிக்காவில் அப்படி ஒரு வழக்கு நடந்தது.

பெர்சனல் ஆடியோ என்ற கம்பெனிக்கு 2012-ல் 8,112,504 என்ற எண்ணுள்ள காப்புரிமை கிடைத்தது. அதன் மூல விண்ணப்பம் 1996 அக்டோபரில் போட்டது. சாரம் இவ்வளவுதான்: தொடர் நிகழ்ச்சியின் ஒவ்வொரு பகுதியும் ஒரு ஃபைல். எந்தப் பகுதி எங்கே என்று சொல்லும் பட்டியல் இன்னொரு ஃபைல். அது எப்போதும் ஒரே முகவரியில் இருக்கும், புதுப் பகுதி வந்தால் திருத்தப்படும். இதை வைத்துக்கொண்டு பாட்காஸ்ட் நடத்துகிறவர்களிடம் பணம் கேட்டார்கள். 2014-ல் டெக்சாஸ் ஜூரி ஒன்று, சிபிஎஸ் நிறுவனம் 13 லட்சம் டாலர் தரவேண்டும் என்றது.

மெயின்ஃபிரேம் தெரிந்தவர்களுக்குச் சிரிப்புத்தான் வரும். ஐபிஎம் ஓஎஸ்/360-ல் ஜெனரேஷன் டேட்டா குரூப் என்று ஒன்று உண்டு. பெயர் ஒன்றுதான், பக்கத்தில் (0) போட்டால் கடைசியாக வந்த ஃபைல், (-1) போட்டால் அதற்கு முந்தியது. எது எங்கே என்பதைக் கேட்டலாக் பார்த்துக்கொள்ளும். பிட்நெட் வலையில் 1986-ல் வந்த லிஸ்ட்செர்வ், பின்னாளில் ஒரு ஃபைல் மாறியதும் பெயர் கொடுத்தவர்களுக்கெல்லாம் தானாகவே அனுப்பியது. ஒலியோ இணைய முகவரியோ அதில் இல்லை, உண்மைதான். வேலை என்னவோ அதே ரகம்.

"அட, இது எங்களுக்குத் தெரியுமே!" என்றால் மட்டும் போதாது. காப்புரிமை அலுவலகத்திலேயே எதிர்க்கும் 'இன்டர் பார்ட்டீஸ் ரிவ்யூ' முறையில், பழைய காப்புரிமைகளையும் அச்சில் வெளியானவற்றையும் மட்டுமே அடிப்படையாகக் காட்டலாம். ஆபரேட்டரின் ஞாபகம் தனியாக நிற்காது, தாள் வேண்டும்.

2013-ல் எலக்ட்ரானிக் ஃபிராண்டியர் ஃபவுண்டேஷன் நன்கொடை திரட்டி மனுப்போட்டது. அது ஜெயித்தது இரண்டு தாள்களால். ஒன்று, கனடாவின் சிபிசி வானொலி நிகழ்ச்சிகளை இணையத்தில் வைத்துப் பார்த்த சோதனை பற்றிய கட்டுரை. மற்றது, சிஎன்என் நியூஸ்ரூமை இணையத்தில் கொடுப்பது பற்றி எம்.ஐ.டி. மாணவர் ஒருவர் 1995-ல் எழுதிய ஆய்வேடு. எதிர்க்கப்பட்ட 5 உரிமைக்கோரல்களும் 2015 ஏப்ரலில் செல்லாது என்றாயின. 2017-ல் அப்பீலிலும் அதே தீர்ப்பு. 2018-ல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்கவே மறுத்தது.

என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த ஆய்வேடுதான். நம்மைப்போல ஒரு மாணவர் எழுதியது; தேதி போட்டு, யாரும் எடுத்துப் படிக்கும்படி இருந்தது. நம்முடைய ப்ராஜெக்ட் ரிப்போர்ட் வைவா முடிந்ததும் டிபார்ட்மென்ட் பீரோவுக்குள் போய்விடுகிறது. இந்த வருஷம் ஒரு பிரதி நூலகத்திலும் வைக்கக் கேட்டிருக்கிறோம்.