டிடெக்டரைக் கீழே இறக்குங்கள்

ஒரகடத்தில் ஒரு ஃபேப்ரிகேஷன் ஷெட்டில் கேஸ் டிடெக்டரைக் கூரையோரம் மாட்டியிருந்தார்கள். கருவி நல்லது, மாட்டிய இடம்தான் தப்பு. அங்கே கட்டிங்குக்கு எரியும் புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். கசிந்தால் தரையோடு ஊர்ந்து, கேபிள் டிரெஞ்ச், மெஷின் பிட், வடிகால் என்று பள்ளம் பார்த்து இறங்கும். நிற்பவர் மூக்குக்கு வாடை எட்டுமுன் காலடியில் தேங்கியிருக்கும். காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே பற்றும். டிடெக்டர் தரையிலிருந்து ஓரடிக்குள் இருக்கட்டும். சிலிண்டரில் வரும் புரொப்பேன்–பியூட்டேன் கலவைக்கும் இதே குணம்தான்.

அதே ஷெட்டில் என்னைப் பதறவைத்தது வேறு. சாப்பாட்டு மணி அடித்ததும், பெரிய டேங்குக்குள் கட்டிங் செய்துகொண்டிருந்த பையன் டார்ச்சை உள்ளேயே போட்டுவிட்டுக் கிளம்பினான். “டார்ச் வால்வை மூடிட்டேன் சார்” என்றான். சிலிண்டர் திறந்தே இருந்தது. டார்ச் வால்வு நூலளவு கசிந்தாலும் போதும். அரைமணியில் டேங்க் நிறையும், கூடவே ஆக்சிஜனும் சேரும். திரும்பி வந்து லைட்டரைத் தட்டினால் என்ன ஆகும்? டீக்குப் போனாலும் டார்ச் வெளியே வர வேண்டும், சிலிண்டர் வால்வை மூட வேண்டும், ஹோஸில் மிச்சமுள்ள கேஸைத் திறந்தவெளியில் விட்டுவிட வேண்டும்.

கேஸை வேகமாக இழுத்தால் சிலிண்டரின் அடியில் பனி பூக்கும், பிரஷர் விழும். உடனே சாய்த்துப் போடுவது, நெருப்புக் காட்டுவது என்று இறங்குகிறார்கள். இரண்டும் கூடவே கூடாது. சாய்த்தால் திரவமே வெளியேறும். அது ஆவியானால் 270 மடங்கு விரியும். இரண்டு மூன்று சிலிண்டர்களை மேனிஃபோல்டில் இணைப்பதுதான் வழி. 19 கிலோ சிலிண்டர் ஐந்து வரை வைக்கலாம். ஆறாவது வந்தால் 100 கிலோ தாண்டிவிடும், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் உரிமம் வேண்டும். அசெட்டிலீன் ஹோஸைப் புரொப்பேனுக்கு மாட்டாதீர்கள், அதன் ரப்பரைப் புரொப்பேன் அரித்துவிடும். இணைப்புகளைச் சோப்புத் தண்ணீரால் பாருங்கள்.

வாடை வந்தால் எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். கைக்கு எட்டினால் வால்வை மூடுங்கள், காற்று வரும் திசையில் ஆட்களை நகர்த்துங்கள், கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906-க்கும் தீயணைப்புத் துறைக்கும் சொல்லுங்கள். 2025 ஜனவரி 3 அன்று கோவை அவினாசி சாலை மேம்பாலத்தில் 18 டன் கேஸுடன் டேங்கர் கவிழ்ந்து கசிந்தது. தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருந்தார்கள், அருகிலிருந்த பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். தீப்பிடிக்காமல் டேங்கரை அப்புறப்படுத்தினார்கள்.

நம் ஷெட்களில் எச்சரிக்கைப் பலகை தமிழிலும் ஆங்கிலத்திலும் தொங்குகிறது. டார்ச் பிடிப்பவரோ பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவர். பலகையை இந்தியிலும் ஒடியாவிலும் எழுதுங்கள். எழுதியதோடு விடாமல், ஷிஃப்ட் தொடங்குமுன் அவரையே வால்வை மூடிக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.