தேன் தராத பூவும் தோட்டத்துக்கு வேண்டும்

அன்புள்ள யாழினிக்கு,

தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் வர என்ன செடி வைக்கலாம் என்று கேட்டிருந்தாய். ஆவாரை வை. பொங்கலுக்கு வேப்பிலை, சிறுபீளையோடு சேர்த்துக் காப்புக் கட்டுகிறோமே, அதே செடிதான். வேர் பிடித்துவிட்டால் பல ஆண்டு நின்று பூக்கும்.

சாலையோரச் செடியில் முற்றிக் காய்ந்த காய்களைப் பறித்து விதை எடு. விதைத்தோல் கெட்டி, அப்படியே போட்டால் முளைக்க நாளாகும். கொதித்து இறக்கிய வெந்நீரில் போட்டு ஓர் இரவு ஊறவை. உப்பாத விதையை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து மறுபடி ஊறப்போடு. ஆணிவேர் ஆழமாக இறங்கும் செடி இது. பிடுங்கி நட்டால் பிழைப்பது கஷ்டம். ஆகவே, நிற்கப்போகும் இடத்திலேயே ஊன்று. நல்ல வெயில் வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. முதல் கோடையைத் தாண்டும்வரை தண்ணீர் ஊற்றினால் போதும்.

பூத்ததும் ஒன்றைக் கிட்டத்தில் பார். ஐந்து மஞ்சள் இதழ். நடுவே குட்டையும் நெட்டையுமாக மகரந்தப் பைகள். உள்ளே தேன் கிடையாது, மகரந்தம் மட்டுமே. அதுவும் பையின் நுனியில் உள்ள சிறு துளை வழியாகத்தான் வெளியே வரும், உப்புக் குடுவையைக் குலுக்குவதுபோல. மரத்தைத் துளைக்கும் கருவண்டு பூவைக் கட்டிப்பிடித்து, சிறகை அசைக்காமல் உடம்பை மட்டும் அதிரவைக்கும். 'ர்ர்ர்' என்று சத்தம் கேட்கும். மகரந்தம் அதன் வயிற்றில் கொட்டும். நம்மூர்த் தேனீக்கு இந்த வித்தை தெரியாது, சிந்தியதைத்தான் பொறுக்கும்.

ஆகவே கருவண்டு குடியிருக்க, காய்ந்த மரக்கட்டை ஒன்றையோ மூங்கிலையோ தோட்டத்து மூலையில் விட்டுவை. தேன் தேடி வருகிறவர்களுக்குப் பக்கத்திலேயே துளசியும் நொச்சியும் வை.

வெளிர்பச்சை கலந்த வெள்ளை வண்ணத்துப்பூச்சி ஒன்று ஆவாரைத் தளிரைச் சுற்றிச் சுற்றி வரும். பூவுக்காக அல்ல, முட்டையிட. சில நாளில் பச்சைப் புழுக்கள் இலையைக் கடிக்கும். பதறாதே, செடி மறுபடி துளிர்த்துக்கொள்ளும். பூச்சிமருந்து அடித்தால் புழுவும் போகும், வண்டும் போகும். வண்ணத்துப்பூச்சி வேண்டும், புழு வேண்டாம் என்றால் எப்படி?

காய் முற்றி விதை எடுத்தபின் கிளைகளைக் கவாத்து செய். புதுக்கிளை விட்டு அடர்த்தியாகப் பூக்கும். அதற்குள் ஓட்டை விழுந்த இலைகளைப் பார்த்து அம்மா மருந்து வாங்கக் கிளம்பினால், இந்தக் கடிதத்தைக் காட்டு.

அன்புடன்,
உன் அத்தை