குடோனுக்குப் போகும் ராகி

கேள்வி: எங்கள் மகளிர் குழு ராகி மாவும் சாமை அரிசியும் விற்கிறது. அமேசான் குடோனுக்குச் சரக்கு அனுப்புவது எப்படி?
- வாசகி, பென்னாகரம்

பதில்: முதலில் காகித வேலையை முடித்துவிடுங்கள், சகோதரி. உணவுப் பொருள் என்பதால் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு கட்டாயம்; அந்த 14 இலக்க எண் ஒவ்வொரு பாக்கெட்டிலும் இருக்க வேண்டும். சரக்கு இருக்கப்போகும் குடோனை ஜிஎஸ்டி பதிவில் கூடுதல் வணிக இடமாகச் சேர்க்க வேண்டும்.

பாக்கெட்டில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மாவு கசிந்தால் சரக்கைத் திருப்பிவிடுவார்கள். தடித்த கவரில் இறுக்கமாக சீல் வையுங்கள். எடை, எம்ஆர்பி, தயாரித்த தேதி, காலாவதி தேதி அழியாத மையில் இருக்கட்டும். பார்கோடு ஸ்டிக்கரை மடிப்பில் ஒட்டாதீர்கள், ஸ்கேனர் படிக்காது.

காலாவதி நெருங்கிய சரக்கைக் குடோன் ஏற்காது. மாவும் உமி நீக்கிய சாமையும் சீக்கிரம் காறல் வாடை அடிக்கும். முழு ராகியோ வருடக்கணக்கில் கெடாது. முதல் லோடில் முழு ராகியையே அனுப்புங்கள்.